அந்தமானில் யோகப் பயிற்சி: புதியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

ஸ்ரீ விஜயபுரம்: 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. அதன் பிறகு ஒரு மாதம் கடந்த நிலையில், உயிர் பிழைத்தவர்களில் 47 பேருக்குப் பெங்களூருவைச் சேர்ந்த யோக ஆய்வாளர்கள் ஒரு வார காலம் யோகப் பயிற்சி அளித்தனர். வீட்டையும் உறவுகளையும் இழந்து, இரவில் உறக்கமின்றித் தவித்தவர்கள் அவர்கள். இதற்கென நெடுநாள் பயின்றவர்களும் அல்லர்; புதியவர்கள்.

ஷெர்லி டெல்ஸ் தலைமையிலான அக்குழுவினரின் ஆய்வுக் கட்டுரை 2007-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் 31 பேர் பெருநிலப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 16 பேர் தீவுகளின் பூர்வகுடியினர். பயிற்சிக்கு முன்பும் பின்பும் அவர்களின் இதயத் துடிப்பு, மூச்சு வேகம் முதலியவை கருவிகள் மூலம் பதிவு செய்யப்பட்டன. அச்சம், பதற்றம், துயரம், உறக்கக் குலைவு ஆகியவற்றை அவர்களே மதிப்பிட்டுக் கூறினர். ஒரு வார முடிவில் இந்த நான்கும் இரு பிரிவினரிடமும் குறைந்திருந்தன. மூச்சின் வேகமும் இரு பிரிவினரிடமும் தணிந்திருந்தது. இதயத் துடிப்பில் ஏற்பட்ட மாற்றம் குடியேறியவர்களிடம் மட்டுமே காணப்பட்டது.

இம்முடிவை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளக் கூடாது. 47 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பயிற்சி பெறாத மற்றொரு குழுவுடன் இவர்கள் ஒப்பிடப்படவில்லை. பேரிடருக்குப் பின் நாள்கள் செல்லச் செல்ல அச்சம் தானாகவே ஓரளவு தணியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தக் குறையை ஓரளவு நிரப்பும் வகையில், அதே பேரலையால் பாதிக்கப்பட்ட நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் வேறொரு குழு 183 பேரிடம் ஆய்வு நடத்தியது. அங்கு ஒரு பிரிவினர் ஆறு வாரங்கள் பயிற்சியின்றிக் காத்திருந்தனர். அவர்களைவிட, யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்திருந்ததாக 2010-ல் வெளியான அக்கட்டுரை தெரிவித்தது.

இன்று யோகத்தைத் தொடங்க விரும்பும் ஒருவர் இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தமானில் அந்த 47 பேரும் செய்தவை மூட்டுகளைத் தளர்த்தும் எளிய அசைவுகள், சில ஆசனங்கள், மூச்சைச் சீராக்கும் பயிற்சி, படுத்த நிலையில் உடலைத் தளரவிடுதல் ஆகியவையே. யாரும் தலைகீழாக நிற்கவில்லை. கைப்பேசித் திரையில் யோகம் என்றவுடன் தோன்றும் வளைந்து முறுக்கிய உடல்களுக்கும், ஒரு புதியவருக்கு உண்மையில் பயன்தரும் பயிற்சிக்கும் இடையே தொலைவு அதிகம்.

பயிற்சி தவறாகிப் போனால் தீவில் வசிப்பவர் கொடுக்க வேண்டிய விலையும் அதிகம். சென்னையில் முதுகுப் பிடிப்பு ஏற்பட்டால் அடுத்த தெருவில் மருத்துவர் இருப்பார். பெரிய நிக்கோபாரின் கேம்பெல் விரிகுடாவில் இருப்பவர், 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டியிருக்கும். ஆகவே, எதைச் செய்யலாம் என்பதுடன் எதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்பதையும் தீவுவாசிகள் முதலிலேயே தெரிந்துகொள்வது அவசியம்.

கடிகாரத்தைப் பார்ப்பதா, கதிரவனைப் பார்ப்பதா?

காலை 6 மணிக்கு யோகம் செய்யுங்கள் என்பது பெருநிலப்பகுதியில் வழங்கும் பொதுவான அறிவுரை. அந்தமானில் இதை அப்படியே ஏற்க இயலாது.

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜயபுரமோ ஏறத்தாழ 92.7 பாகையில் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்கு சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 5 மணிக்கே சூரியன் உதித்துவிடும், மாலை 5.45 மணியளவில் மறைந்துவிடும். டிசம்பரில் உதயம் 5.30 மணியளவிலும், மறைவு 5 மணியை ஒட்டியும் நிகழ்கின்றன. அதாவது, ஜூன் மாதக் காலை 6 மணி என்பது தீவுகளில் வெயில் ஏறத் தொடங்கிய பொழுது. கடலோரக் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால், பத்தே நிமிடத்தில் வியர்வை வழிந்து, பாய் வழுக்கும்.

எனவே விடியற்காலையில் பயில விரும்புவோர் 4.45 முதல் 5.30 மணிக்குள் தொடங்குவது இங்கு ஏற்றதாக இருக்கும். அது இயலாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. சீக்கிரமே இருட்டிவிடும் தீவுகளில், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் நீண்ட மாலைப் பொழுதும் பயிற்சிக்கு உகந்ததே. மதிய உணவுக்கும் மாலைப் பயிற்சிக்கும் இடையே மூன்று முதல் நான்கு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். நண்பகல் 1 மணிக்கு உண்பவர் 5 மணிக்குப் பயிலலாம். மாலைத் தேநீருடன் பஜ்ஜி, போண்டா எடுத்துக்கொள்ளும் வழக்கம் உடையோர் அதைப் பயிற்சிக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்து 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே குளிப்பதும் உண்பதும் முறை என்று ஆயுஷ் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது.

மழை மற்றொரு சிக்கல். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமான் கடற்பகுதியைத்தான். வழக்கமாக மே மாதத்தின் பிற்பாதியிலேயே வந்துவிடும். சர்வதேச யோகா தினமான ஜூன் 21 இங்கு கனமழைக் காலத்தின் நடுவே வருகிறது. கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ பயிலத் திட்டமிடுவோரின் ஆர்வம் முதல் வாரத்திலேயே நனைந்துவிடக்கூடும். வீட்டிற்குள், சன்னல் திறந்த ஓர் அறையில் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இடத்தை ஒதுக்கிக்கொள்வதே நிலையான ஏற்பாடு.

விலையுயர்ந்த ரப்பர் விரிப்பும் தேவையில்லை. தீவின் ஈரக்காற்றில் அது எளிதில் பூஞ்சை பிடிக்கும். துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தி ஜமக்காளமோ, மடித்த போர்வையோ போதுமானது. வழுவழுப்பான தரையில் ஜமக்காளம் நழுவும் என்பதால், நின்று செய்யும் ஆசனங்களை வெறும் தரையில் வெறுங்காலுடன் செய்துவிட்டு, அமர்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்கு மட்டும் விரிப்பைப் பயன்படுத்தலாம். ரிஷிகேஷில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி உலகெங்கும் யோகத்தைக் கொண்டுசென்ற சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை என்பது குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வீட்டு மூலையில் ஒரு பாய் இருந்தால், படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அதுவும் உதவும்.

45 நிமிடத்தில் 15 நிமிடம் போதும்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பர் 11 அன்று, 177 நாடுகளின் ஆதரவுடன் ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015-ல் முதல் யோகா தினத்தை முன்னிட்டு, வல்லுநர்களைக் கொண்டு 'பொது யோக நெறிமுறை' ஒன்றை ஆயுஷ் அமைச்சகம் உருவாக்கியது. தற்போது 45 நிமிடங்களுக்கு அமைந்துள்ள இந்நெறிமுறை, வயது வேறுபாடின்றிப் பெரும்பாலோர் செய்யக்கூடிய பயிற்சிகளின் தொகுப்பு. கழுத்து, இடுப்பு, முழங்கால் மூட்டுகளைத் தளர்த்தும் அசைவுகளில் தொடங்கி, நின்றும் அமர்ந்தும் குப்புறப் படுத்தும் மல்லாந்து படுத்தும் செய்யும் ஆசனங்கள் வழியாக, பிராணாயாமம், தியானம் என்று முடிகிறது. புதியவர்களுக்கு இதைவிட நம்பகமான தொடக்கப் புள்ளி கிடைப்பது அரிது. பலரும் முதல் நாளிலேயே தொடங்க நினைக்கும் சூரிய நமஸ்காரம் இதில் இடம்பெறவில்லை. முன்னும் பின்னும் விரைந்து வளையும் அத்தொடர், மூட்டுகள் பழகிய பிறகே பாதுகாப்பானது.

எனினும், உடலசைவே இல்லாமல் பல ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு 45 நிமிடமும் ஏறத்தாழ இருபது ஆசனங்களும் முதல் வாரத்தில் அதிகமே. முழுவதையும் ஒரே நாளில் செய்துவிட்டு, மறுநாள் தொடை வலியுடன் எழுந்து, மூன்றாம் நாள் நிறுத்திவிடுவோர் பலர். அதிலிருந்து 15 நிமிடங்களுக்குரிய ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள்கள் செய்வது மேலானது.

முதல் நான்கு நிமிடங்கள் மூட்டுத் தளர்வுக்கு உரியவை. கழுத்தை முன்னும் பின்னும், பிறகு வலமும் இடமும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். கழுத்தைச் சக்கரம் போல வேகமாகச் சுழற்றுவது தலைச்சுற்றலை உண்டாக்கும்; கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. தோள்களைச் சுழற்றுதல், இடுப்பை இருபுறமும் திருப்புதல், முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்தல் ஆகியவற்றுடன் இப்பகுதி நிறைவுறும். காலையில் செய்பவர்கள் இதற்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். இரவெல்லாம் அசையாதிருந்த உடல் அப்போது இறுக்கமாக இருக்கும்.

அடுத்தது தாடாசனம். பார்வைக்கு வெறுமனே நிற்பது போலத் தோன்றும் இந்த ஆசனத்தைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் அலட்சியமாகக் கடந்துசெல்கின்றனர். பாதங்களுக்கிடையே இரண்டு அங்குல இடைவெளி விட்டு நின்று, கைவிரல்களைக் கோத்து, உள்ளங்கைகளை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். மூச்சை உள்ளிழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். இயன்றால் குதிகால்களையும் உயர்த்தி, 10 முதல் 15 விநாடிகள் நிற்கலாம். மூச்சை வெளியேற்றியபடி குதிகாலையும் கைகளையும் கீழே கொண்டுவர வேண்டும். உடலின் எடை இரு பாதங்களிலும் சமமாக இறங்குகிறதா, இடுப்பு முன்னோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறதா என்பதை இந்நிலையில்தான் ஒருவர் முதன்முறையாக உணர்வார். பின்னர் பழகவிருக்கும் விருக்ஷாசனம், திரிகோணாசனம் போன்றவற்றில் நிலைகுலையாமல் நிற்பது இதைப் பொறுத்தது. தலைச்சுற்றல், கால் நரம்புச் சுருட்டல், தீவிர இதய நோய் ஆகியவை உள்ளவர்கள் குதிகாலை உயர்த்தாமல் செய்ய வேண்டும்.

நின்ற நிலையிலிருந்து தரைக்கு இறங்கியதும், வஜ்ராசனத்தில், அதாவது முழங்கால்களை மடக்கிக் குதிகால்களின் மீது அமரும் நிலையில், ஓரிரு நிமிடம் இருக்கலாம். நாற்காலியிலேயே அமர்ந்து பழகிவிட்ட தலைமுறைக்கு இது கடினமாக இருக்கும். கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டையும், இருக்கைக்கும் குதிகாலுக்கும் இடையே மடித்த போர்வையையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. இவ்வகைத் துணைப்பொருள்களை உலகெங்கும் பரப்பியவர் பி.கே.எஸ். ஐயங்கார், மரக்கட்டை, பட்டை, நாற்காலி ஆகியவற்றின் துணையுடன் முதியவர்களும் நோயுற்றவர்களும் ஆசனம் செய்ய வழிவகுத்தார். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் வஜ்ராசனத்தை முற்றிலும் விட்டுவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து அமரலாம்.

குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனத்தின் எளிய வடிவம் அடுத்து வருகிறது. முன்கைகள் இரண்டையும் தரையில் பதித்து, மூச்சை இழுத்தபடி தலையையும் மார்பையும் மெதுவாக உயர்த்துவது அது. கைகளை முழுவதும் நீட்டி உடலைப் பின்னுக்கு வளைக்க வேண்டாம். தொப்புள் தரையிலிருந்து எழும் அளவுக்கு உயர்த்துவது புதியவர்களின் இடுப்பு முள்ளெலும்பில் தேவையற்ற அழுத்தத்தைத் தரும். மூன்று முறை செய்து, நெற்றியைக் கைகளின் மீது வைத்து மகராசனத்தில் இளைப்பாறலாம்.

பிறகு மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்தும் சேதுபந்தாசனம் மூன்று முறை. ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி அணைக்கும் பவனமுக்தாசனம் பக்கத்துக்கு மூன்று முறை. இவை முடிந்ததும் கை கால்களை அகற்றிச் சவாசனத்தில் மூன்று நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். நேரமில்லை என்று பலர் முதலில் கைவிடுவது சவாசனத்தைத்தான். பேரலையில் தப்பியவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் தளர்வுக்கும் தனி இடம் இருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மூச்சில் அவசரம் கூடாது

ஆசனங்களில் ஏற்படும் தவறு தசைப்பிடிப்பாக உடனே தெரிந்துவிடும். மூச்சுப் பயிற்சியில் நேரும் தவறு அவ்வளவு எளிதில் புலப்படாது. அதனால்தான் புதியவர்கள் இதில் கூடுதல் நிதானம் காட்ட வேண்டியுள்ளது.

முதல் இரு வாரங்களுக்கு, நிமிர்ந்து அமர்ந்து, மூக்கின் வழியாக இயல்பாக மூச்சுவிட்டு, அதன் நீளத்தைக் கவனித்தால் போதும். வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீண்டிருக்குமாறு பழகலாம். மூன்றாம் வாரத்திலிருந்து, ஒரு நாசித் துளையை மூடி மற்றதன் வழியாக மாறி மாறி மூச்சுவிடும் நாடிசோதனத்தை ஐந்து சுற்றுகள் சேர்க்கலாம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் கும்பகம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். தேனீயின் ரீங்காரம் போல ஒலியெழுப்பி மூச்சை வெளிவிடும் பிராமரி பெரும்பாலோருக்கு எளிதாகக் கைவரும்.

கபாலபாதி பற்றித் தனியே கூற வேண்டும். வயிற்றை விசையுடன் உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியேற்றும் இப்பயிற்சி, எடை குறையும் என்ற நம்பிக்கையில் புதியவர்கள் முதலில் முயல்வதாக உள்ளது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, தலைச்சுற்றல், குடலிறக்கம், வயிற்றுப்புண் ஆகியவை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதைச் செய்யக் கூடாது என்று நெறிமுறை எச்சரிக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவிலான நாடு தழுவிய ஆய்வு, வயது வந்த இந்தியர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கணித்துள்ளது. தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாத ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக் கபாலபாதி செய்யும் வாய்ப்பு குறைவானதல்ல. தொடங்கும் முன் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

நாக்கைக் குழல் போலச் சுருட்டிக் காற்றை உள்ளிழுக்கும் சீதளியும் நெறிமுறையில் உள்ளது. உடலைக் குளிர்விப்பதாகக் கூறப்படும் இதை, சளியும் இருமலும் பரவும் தீவுகளின் மழை மாதங்களில் தவிர்ப்பதே பொருத்தம். சளித்தொல்லை உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

கடலடி வடம் கொண்டுவந்த ஆசிரியர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிப்போர் ஏறத்தாழ 3.80 லட்சம் பேர். தாய்மொழி வரிசையில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழுக்கு உரியது. மக்கள் வாழும் தீவுகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டுகிறது. இவை ஒவ்வொன்றிலும், அதிலும் தமிழில் விளக்கக்கூடிய, தேர்ந்த யோக ஆசிரியர் இருப்பார் என எதிர்பார்க்க இயலாது.

இந்த இடைவெளியை இன்று பெருமளவில் நிரப்புவது காணொளி. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. செயற்கைக்கோள் வழியாக மட்டுமே இணையம் கிடைத்த காலத்தில், தீவுகளில் தடையின்றி ஒரு காணொளியைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. சென்னையையும் ஸ்ரீ விஜயபுரத்தையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களுக்கும் அந்த வடம் நீள்கிறது. உலக சுகாதார அமைப்பும் ஆயுஷ் அமைச்சகமும் இணைந்து உருவாக்கிய 'எம்-யோகா' செயலி, 2021 யோகா தினத்தில் அறிவிக்கப்பட்டது. ஐந்து நிமிடங்களில் செய்யக்கூடிய 'ஒய்-பிரேக்' என்னும் பயிற்சியும் அமைச்சகத்தால் அதே ஆண்டில் செயலியாக வெளியிடப்பட்டது. அலுவலக ஊழியர்களுக்கு இது உகந்தது.

ஆனால் காணொளியில் தோன்றும் ஆசிரியரை மாணவர் பார்க்க முடியும். மாணவரை அவரால் பார்க்க முடியாது. முழங்கால் உள்நோக்கிச் சாய்வதையும் மூச்சு நின்றுவிட்டதையும் அவர் திருத்தப் போவதில்லை. நவீன யோகத்தின் பெரும் ஆசானாகக் கருதப்படும் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1952 முதல் சென்னையில் வாழ்ந்து 1989-ல் மறைந்தவர். பிற்காலத்தில் அவரது கற்பித்தலின் மையமாக விளங்கியது, பயிற்சியை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும், ஆளைப் பயிற்சிக்கேற்ப வளைக்கக் கூடாது என்னும் கருத்து. காணொளியால் செய்ய முடியாதது இதுதான்.

இதற்கு அந்தமானுடன் தொடர்புடைய ஒரு பழைய சான்றும் உள்ளது. ஸ்ரீ அரவிந்தர் 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பரோடாவில் நண்பர் ஒருவர் விளக்கியதைக் கொண்டு, குரு இன்றிப் பிராணாயாமம் பயிலத் தொடங்கினார். நாள்தோறும் பல மணி நேரம் செய்தும் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற்றம் நின்றுபோனது. அரசியல் பணிகளால் பயிற்சி தடைப்பட்டபோது உடல்நலமும் குன்றியது. வழிகாட்ட ஒருவர் தேவை என உணர்ந்த அவருக்கு, விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற யோகியை அறிமுகப்படுத்தியவர் தம்பி பரீந்திர குமார் கோஷ். சூரத் காங்கிரசுக்குப் பிறகு, 1908-ன் தொடக்கத்தில் அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. அதே ஆண்டு அலிப்பூர் வழக்கில் சகோதரர்கள் இருவரும் கைதாயினர். விடுதலை பெற்ற அரவிந்தர் 1910-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட பரீந்திரர், செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டு 1920 வரை இத்தீவில் இருந்தார்.

அரவிந்தர் அளவுக்கு ஆழமாகப் பயில எண்ணாதவர்களும், காணொளியைப் பயன்படுத்தும் முறையைச் சற்றே மாற்றிக்கொண்டால் பெரும்பாலான இடர்களைத் தவிர்க்கலாம். முதலில் பயிற்சியைச் செய்யாமல் காணொளியை முழுவதுமாக ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியபடி ஆசனம் செய்வதே கழுத்துப் பிடிப்புக்குக் காரணமாகிவிடும். வாரம் ஒருமுறை தன் பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்து பார்ப்பது கண்ணாடியைவிட உதவும். தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்பது இன்னும் நல்லது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகச் சான்றளிப்பு வாரியம் பயிற்றுநர்களுக்குப் பல நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. இணையவழி வகுப்பில் கட்டணம் செலுத்தும் முன் அச்சான்றிதழ் உள்ளதா என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

எங்கே நிறுத்துவது?

ஆசனத்துக்குப் பதஞ்சலி வகுத்த இலக்கணத்தில் இரண்டு கூறுகளே உள்ளன: அசையாமை, இதம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எல்லை கடந்துவிட்டதாகப் பொருள். தசை இழுபடும் உணர்வு இயல்பானது. மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பானதன்று. மூச்சு திணறினாலோ, கண் இருண்டாலோ, மார்பு அழுத்தினாலோ, காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலி இறங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

முதுகெலும்பு வட்டு விலகியவர்கள் முன்னோக்கிக் குனியும் ஆசனங்களையும், கண் அழுத்த நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தலை கீழாகும் நிலைகளையும் தவிர்க்க வேண்டும். அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புஜங்காசனம் இரண்டு, மூன்று மாதங்களுக்குக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் பயின்றால் சர்க்கரை அளவு தாழக்கூடும். கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பு எதையாவது வைத்திருப்பது அவசியம். எந்த நோய்க்கான மருந்தையும் யோகம் தொடங்கிவிட்டதற்காகத் தாமாகவே நிறுத்தக் கூடாது.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துகளுக்கு முன்பே முயலத்தக்க வழிகளில் ஒன்றாக யோகத்தை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் பரிந்துரைத்தது. அதே வேளையில், வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. மேலே கூறிய 15 நிமிடப் பயிற்சி மென்மையானது; அது மட்டுமே அந்த அளவை ஈடுசெய்யாது. மாலையில் கடற்கரைச் சாலையில் விரைந்து நடப்பதையும் மிதிவண்டி ஓட்டுவதையும் யோகம் தொடங்கியவர்கள் கைவிட வேண்டியதில்லை.

நேரில் கற்க விரும்புவோருக்கு ஸ்ரீ விஜயபுரம் ஜங்கிளிகாட் பகுதியில் உள்ள ஆயுஷ் மருத்துவமனை முதல் விசாரணை இடமாக அமையும். பிற தீவுகளில் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என இப்போது அழைக்கப்படும் நலவாழ்வு மையங்களில் யோகமும் சேவைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வகுப்பு நாள்களை மையத்திலேயே கேட்டறியலாம். சிகிச்சைக்காகவோ உறவினர்களைக் காணவோ சென்னை செல்வோர், அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தம் உடல்நிலைக்கு ஏற்ற ஆசனங்கள் எவை என்று ஆலோசனை பெற்றுத் திரும்பலாம். அங்கு எழுதித் தரப்படும் பட்டியலைத் தீவுக்குக் கொண்டுவந்து, நெறிமுறைக் காணொளியில் அந்த ஆசனங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யலாம். அடுத்த பயணம் வரை, ஏறத்தாழ ஆறு மாதமோ ஓராண்டோ, அதுவே போதுமான பாடமாக இருக்கும்.